நல்ல ஆற்றல், கெட்ட ஆற்றல் என்று உண்டா?

கதாநாயகன் வானில் பறந்து எதிரிகளைப் பந்தாடும் படங்களை விரும்பாதவர் உங்களில் எத்தனை பேர்? எண்ணிப் பார்த்தால் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடுவீர்கள். அவற்றிலும் இயந்திரச் சிறுவன் ஒருவனே நாயகன் என்றால் கேட்க வேண்டியதில்லை. அப்படி ஒரு படம்தான் 'ஆஸ்ட்ரோ பாய்'. புகழ்பெற்ற ஜப்பானியச் சித்திரத் தொடர் ஒன்றைத் தழுவி, டேவிட் போவர்ஸ் என்பவர் இயக்கத்தில், ஹாங்காங்கைச் சேர்ந்த இமாஜி என்ற நிறுவனம் கணிப்பொறியின் துணையோடு தயாரித்து, 2009ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் வெளிவந்தது.

படத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பூமியின் மேற்பரப்பு குப்பைமேடாகிவிட்டது. வசதி படைத்தவர்கள் வானில் மிதக்கும் நகரம் ஒன்றில் வாழ்கிறார்கள். அங்கே டாக்டர் எலிஃபன் என்ற விஞ்ஞானி, நட்சத்திரம் ஒன்றின் துண்டிலிருந்து இரண்டு ஆற்றல் உருண்டைகளைப் பிரித்தெடுக்கிறார். ஒன்று நீலம், அது 'நேர் ஆற்றல்', நல்லது. மற்றொன்று சிவப்பு, அது 'எதிர் ஆற்றல்', ஆபத்தானது. நகரத் தலைவர் ஸ்டோன் சிவப்பு உருண்டையை ஒரு போர் இயந்திரத்துக்குள் வைக்கச் சொல்கிறார். இயந்திரம் கட்டுமீறுகிறது. டாக்டர் டென்மா என்ற மற்றொரு விஞ்ஞானியின் மகன் அதில் உயிரிழக்கிறான். துயரம் தாங்காத தந்தை, மகனைப் போலவே ஓர் இயந்திரச் சிறுவனைப் படைத்து, அவன் நெஞ்சில் நீல உருண்டையைப் பொருத்துகிறார். பிறகு நடப்பது நீலத்துக்கும் சிவப்புக்கும் இடையே போராட்டம்.

சிறுவன் பறக்கிறானே, மலையைத் தூக்குகிறானே என்று நான் குறை சொல்லப் போவதில்லை. கதைக்குக் கற்பனை வேண்டும். இயற்பியல் சொல்லித் தருபவன் என்பதற்காகக் கையில் அளவுகோலோடு திரையரங்குக்குப் போகும் வழக்கம் எனக்கு இல்லை. என் மனத்தை உறுத்துவது வேறொன்று. ஆற்றலில் நல்ல ஆற்றல், கெட்ட ஆற்றல் என்று இரு சாதிகள் உண்டு என இப்படம் இளம் உள்ளங்களில் பதிய வைக்கிறது. இது விஞ்ஞானப் பிழை. அதைவிட முக்கியம், இது நம்மைத் தவறான முடிவுகளுக்கு அழைத்துச் செல்லும் பிழை. அதைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

அணுவின் பெயர் தாங்கிய சிறுவன்

மூலக்கதையில் நீல உருண்டையும் இல்லை, சிவப்பு உருண்டையும் இல்லை என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. இந்தச் சிறுவனைப் படைத்தவர் ஒசாமு தெசூகா என்ற ஜப்பானிய ஓவியர். 1928இல் பிறந்து 1989இல் மறைந்தவர். மருத்துவம் படித்துப் பட்டம் பெற்றவர். ஆனால் ஊசியும் மருந்தும் ஏந்தாமல் தூரிகையை ஏந்தினார். 1952ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் சிறுவர் பத்திரிகை ஒன்றில் அவருடைய சித்திரக்கதை தொடங்கியது. கதாநாயகனின் பெயர் என்ன தெரியுமா? 'ஆட்டம்', அதாவது அணு! அவன் உடலுக்குள் இயங்குவது அணு ஆற்றல். பின்னர் அவனுக்கு வந்து சேர்ந்த தங்கையின் பெயர் உரான். யுரேனியத்திலிருந்து வந்த பெயர். தம்பியின் பெயர் கோபால்ட். 1963ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் இது தொலைக்காட்சித் தொடராயிற்று. 1966 முடியும் வரை 193 பகுதிகள் ஒளிபரப்பாயின. 'அனிமே' என்று இன்று உலகமெங்கும் அழைக்கப்படும் ஜப்பானியச் சித்திரத் தொடர்களுக்கு இதுவே வழிகாட்டி எனலாம். அமெரிக்காவுக்குப் போனபோது 'ஆஸ்ட்ரோ பாய்' என்று பெயர் மாறிற்று.

இப்போது ஆண்டுகளைச் சற்றுக் கவனியுங்கள். ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தது 1945 ஆகஸ்டு 6. நாகசாகியில் விழுந்தது ஆகஸ்டு 9. போருக்குப் பின் ஜப்பானில் நடந்த அந்நியப் படைகளின் ஆட்சி முடிவுக்கு வந்தது 1952 ஏப்ரல். அதே மாதத்தில்தான் 'ஆட்டம்' நாயகனான தொடர் தொடங்குகிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1954 மார்ச்சு முதல் நாள், பசிபிக் கடலில் பிக்கினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் கதிரியக்கச் சாம்பல், மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகொன்றின் மீது பனிபோல் விழுந்தது. படகிலிருந்த 23 பேரும் நோயுற்றனர். அவர்களில் ஒருவர் சில மாதங்களில் மாண்டார்.

இத்தனையும் பட்ட ஒரு நாட்டில், குழந்தைகள் கொண்டாடிய நாயகனுக்கு 'அணு' என்று பெயர்! வியப்பாக இல்லையா? தெசூகா அணுவின் கொடுமையை அறியாதவர் அல்லர். இளமையில் ஒசாகா நகரத்து விமானத் தாக்குதல்களைக் கண்ணால் கண்டவர். ஆட்டத்தின் கதைகளைப் படித்தால் அவர் நோக்கம் விளங்கும். அக்கதைகளில் அணு நல்லதும் அல்ல, கெட்டதும் அல்ல. அதைக் கையாளும் மனிதர்கள் நல்லவர்களாகவோ பேராசைக்காரர்களாகவோ இருக்கிறார்கள். இயந்திரச் சிறுவனை அடிமையாக விற்பவர்களும் மனிதர்களே. அன்போடு அணைத்துக்கொள்பவர்களும் மனிதர்களே. தம் கதையை விஞ்ஞானத்தின் வெறும் புகழ்மாலையாகப் பலர் எடுத்துக்கொண்டதில் தெசூகாவுக்கு வருத்தம் உண்டு. கடிவாளமில்லாத விஞ்ஞானம் சமூகத்தில் உண்டாக்கும் கோணல்களைச் சொல்லவே தாம் முயன்றதாகப் பிற்காலத்தில் அவர் எழுதினார்.

2009ஆம் ஆண்டுப் படம் இந்த அணுவை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் நீல உருண்டையை வைத்தது. அணுவை எடுத்ததோடு அந்தக் கேள்வியையும் சேர்த்து எடுத்துவிட்டது.

ஒரு லட்சம் குதிரைகள்

கேள்வியை விட்டுவிட்டால் என்ன நட்டம்? ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்ப்போம். காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூலக்கதையில் ஆட்டத்தின் திறன் ஒரு லட்சம் குதிரைத் திறன். ஒரு குதிரைத் திறன் என்பது 746 வாட். ஆகவே ஒரு லட்சம் குதிரைத் திறன் 7 கோடியே 46 லட்சம் வாட், அதாவது ஏறத்தாழ 75 மெகாவாட். இது எவ்வளவு பெரிது? ஜப்பானில் முதன்முதலாக அணு ஆற்றலிலிருந்து மின்சாரம் எடுக்கப்பட்டது 1963 அக்டோபர் 26இல். டோக்காய் என்ற கிராமத்தில் இருந்த அந்தச் சோதனை உலையின் மின்திறன் 12.5 மெகாவாட். தொலைக்காட்சியில் ஆட்டம் பறக்கத் தொடங்கி ஏறத்தாழ பத்து மாதங்கள் கழித்து வந்த உண்மையான உலை, கற்பனைச் சிறுவனின் ஆறில் ஒரு பங்குதான்!

அணு உலைகளில் பிறக்கும் வெப்பத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் பயனுள்ள வேலையாக மாறும். மீதி இரண்டு பங்கு வெப்பமாகவே வெளியேற வேண்டும். ஆட்டம் 75 மெகாவாட் வேலை செய்ய வேண்டுமானால், அவன் வயிற்றுக்குள் 225 மெகாவாட் வெப்பம் பிறக்க வேண்டும்; 150 மெகாவாட் வெளியே போக வேண்டும். அந்த வெப்பம் என்ன செய்யும்? 30 டிகிரி வெப்பநிலையிலுள்ள ஒரு கிலோ தண்ணீரை 100 டிகிரிக்குக் கொண்டுபோய் முழுவதும் ஆவியாக்க ஏறத்தாழ 2,550 கிலோஜூல் தேவை. 150 மெகாவாட் என்பது வினாடிக்கு 1,50,000 கிலோஜூல். வகுத்துப் பாருங்கள். வினாடிக்கு ஏறத்தாழ 59 கிலோ தண்ணீர்! அதாவது ஒவ்வொரு வினாடியும் நான்கு குடம் தண்ணீரை ஆவியாக்கினால்தான் நம் சிறுவன் உருகாமல் இருக்க முடியும்.

'சரி, அவன் வேலை செய்யாமல் உட்கார்ந்துவிட்டால்?' என்று கேட்பீர்கள். அங்கேதான் அணு உலையின் தனிக் குணம் இருக்கிறது. அணுப்பிளவை நிறுத்திய பிறகும், பிளந்த துண்டுகள் கதிரியக்கத்தால் சிதைந்துகொண்டே வெப்பம் தரும். நிறுத்திய கணத்தில் இது முழு வெப்பத்திறனில் 6 அல்லது 7 சதவீதம். நம் சிறுவனுக்கு அது சுமார் 15 மெகாவாட். நாள் ஒன்று கடந்தும் அரைச் சதவீத அளவில் நீடிக்கும். விளக்கை அணைப்பதுபோல் உலையை அணைக்க முடியாது.

2011 மார்ச்சு 11ஆம் நாள் ஜப்பானில் நடந்தது இதுதான். பெரும் நிலநடுக்கம் வந்தவுடன் ஃபுகுஷிமாவில் இயங்கிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் தாமாகவே நின்றன. அதுவரை எல்லாம் ஒழுங்கு. பின்னர் ஆழிப்பேரலை கரையேறி, தண்ணீர் இறைக்கும் பம்புகளுக்கு மின்சாரம் தரவேண்டிய டீசல் இயந்திரங்களை மூழ்கடித்தது. மிச்ச வெப்பத்தை எடுத்துச்செல்ல வழியின்றி மூன்று உலைகளின் எரிபொருளும் உருகிற்று. படம் வெளிவந்து ஒன்றரை ஆண்டுகூட முழுமையாகவில்லை.

ஃபுகுஷிமாவில் இருந்தது 'கெட்ட ஆற்றல்' என்று யாராவது சொன்னால் அது விளக்கமாகுமா? அதே ஆற்றல் முந்தின நாள் வரை வீடுகளில் விளக்கெரித்தது. சுவரின் உயரம் போதுமா, டீசல் இயந்திரங்களை எங்கே வைப்பது, எச்சரித்தவர்களின் பேச்சைக் கேட்டோமா என்பவையே கேள்விகள். அவை ஆற்றலைப் பார்த்துக் கேட்க வேண்டியவை அல்ல. மனிதர்களைப் பார்த்துக் கேட்க வேண்டியவை. உள்ளே இருப்பது அணு என்று தெரிந்தால் ஒரு மாணவன் இவ்வளவு தூரம் கணக்கிடவும் கேட்கவும் முடிகிறது. 'நீல உருண்டை' என்றால் எதைக் கணக்கிடுவது? யாரைக் கேட்பது?

நேர் என்றால் நல்லது, எதிர் என்றால் கெட்டதா?

அடுத்து, 'நேர் ஆற்றல்', 'எதிர் ஆற்றல்' என்ற சொற்களைப் பார்ப்போம். பதினெட்டாம் நூற்றாண்டில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் மின்னூட்டத்தின் இரு நிலைகளுக்கு நேர், எதிர் என்று குறியிட்டார். எதற்கு எந்தக் குறி என்பது அவர் வசதிக்காக வைத்துக்கொண்டது. மாற்றி வைத்திருந்தாலும் இயற்கைக்கு ஒன்றும் ஆகியிராது. 1897இல் ஜே.ஜே. தாம்சன் எலெக்ட்ரானைக் கண்டறிந்தபோது அது எதிர் மின்னூட்டம் உடையதாக அமைந்துவிட்டது. அதனால் எலெக்ட்ரான் தீயதாகிவிட்டதா? உங்கள் வீட்டு விளக்கு எரிவதும், நீங்கள் பார்க்கும் திரை ஒளிர்வதும் அந்த 'எதிர்'த் துகளால்தானே!

ஆற்றலுக்கும் சில கணக்குகளில் எதிர்க்குறி வரும். பூமியைச் சுற்றும் செயற்கைக்கோளின் மொத்த ஆற்றலை எழுதும்போது எதிர்க்குறி போடுகிறோம். பூமியின் பிடியிலிருந்து அதை விடுவிக்க வெளியிலிருந்து ஆற்றல் தர வேண்டும் என்பதே அதன் பொருள். கடன்பட்டவன் கணக்கில் கழித்தல் குறி போடுவதைப் போன்றது. அவன் கெட்டவன் என்று பொருள் அல்ல.

படத்தின் இறுதியில் நீல உருண்டையும் சிவப்பு உருண்டையும் மோதிப் பெரும் ஒளியோடு வெடிக்கின்றன. உண்மையிலேயே ஒன்று நேர் ஆற்றலும் மற்றொன்று அதே அளவு எதிர் ஆற்றலுமாக இருந்தால் என்ன நடக்க வேண்டும்? ஐந்தையும் கழித்தல் ஐந்தையும் கூட்டினால் சுழி. வெடிப்பதற்கு ஆற்றலே மிஞ்சாது! பட்டாசு 'புஸ்' என்று கூடச் சொல்லாது.

'பொருளும் எதிர்ப்பொருளும் சேர்ந்தால் வெடிக்கும் என்கிறார்களே' என்று உங்களில் நன்கு படித்தவர் ஒருவர் எழுந்து கேட்கலாம். நல்ல கேள்வி. எலெக்ட்ரானின் எதிர்த்துகள் பாசிட்ரான், 1932இல் கண்டறியப்பட்டது. இரண்டும் சந்தித்தால் மறைந்து காமாக் கதிர்களாகும் என்பது உண்மையே. ஆனால் பாசிட்ரானின் ஆற்றல் எதிர் ஆற்றல் அல்ல. இரண்டின் ஆற்றலும் நேர்க்குறி உடையதுதான். அதனால்தான் கூட்டும்போது மிஞ்சுகிறது. அந்த எதிர்த்துகளையே பெரிய மருத்துவமனைகளில் புற்றுநோய் உடலில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிப் படமெடுக்கப் பயன்படுத்துகிறார்கள். 'எதிர்' என்ற சொல் தாங்கியது எவ்வளவு உதவுகிறது பாருங்கள்.

இங்கே தமிழ் மாணவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. பேச்சுவழக்கில் 'சக்தி' என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறோம். உடல் வலிமையும் சக்தி, மின்சாரமும் சக்தி, மந்திரமும் சக்தி, தெய்வமும் சக்தி. பாடநூல் விசை, ஆற்றல், திறன் என்று மூன்றாகப் பிரிப்பது உங்களைப் பயமுறுத்துவதற்காக அல்ல. 'நல்ல சக்தி', 'தீய சக்தி' என்று பேசிப் பழகிய நாவுக்கு 'நல்ல ஆற்றல்', 'தீய ஆற்றல்' என்பதும் இயல்பாக வந்துவிடும். ஆற்றல் என்பது ஜூலில் அளக்கும் ஓர் அளவு. மீட்டருக்கு ஒழுக்கம் உண்டா? கிலோகிராமுக்குக் கோபம் வருமா? ஜூலுக்கும் அப்படியே.

நீலத்தின் மயக்கம்

இனி நிறங்களுக்கு வருவோம். சிவப்பு ஆபத்து, நீலம் அமைதி என்பது சாலை விளக்கிலும் விளம்பரப் பலகையிலும் நாம் கற்றுக்கொண்டது. இயற்கை அதைக் கற்றுக்கொள்ளவில்லை. வானத்தில் திருவாதிரை செந்நிற நட்சத்திரம். அதன் மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 3,500 கெல்வின். சித்திரை நட்சத்திரம் நீலச்சாயல் உடையது. அதன் வெப்பநிலை 20,000 கெல்வினுக்கும் மேல். நட்சத்திரத் துண்டிலிருந்து பிரித்தெடுத்தது என்று கதை சொல்லுமானால், அஞ்ச வேண்டியது நீலத்துக்கல்லவா? ஒளித்துகள்களிலும் நீல ஒளியின் துகளுக்குச் சிவப்பு ஒளியின் துகளைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஆற்றல் உண்டு.

வேடிக்கை இன்னும் இருக்கிறது. தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்கும் அணு உலையை மேலிருந்து பார்த்தால் அழகிய நீல ஒளி தெரியும். தண்ணீரில் ஒளி செல்லும் வேகத்தைவிட வேகமாகப் பாயும் மின்துகள்களால் உண்டாவது அது. 1934இல் சோவியத் விஞ்ஞானி செரன்கோவ் ஆராய்ந்து சொன்னதால் அவர் பெயரையே பெற்றது. 1958இல் அவருக்கும் மற்றும் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆக, அணுவை எடுத்துவிட்டு நீல உருண்டையை வைத்தவர்கள், அணு உலையின் நிறத்தையே தேர்ந்தெடுத்துவிட்டார்கள்!

ஆனால் எல்லா நீலமும் வேடிக்கையாக முடிவதில்லை. 1987 செப்டம்பரில் பிரேசில் நாட்டின் கோயானியா நகரில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே கைவிடப்பட்ட மருத்துவமனைக் கட்டடம் ஒன்றில், புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை தரும் பழைய கருவி ஒன்று காவலின்றிக் கிடந்தது. பழைய இரும்பு பொறுக்குவோர் இருவர் அதன் உட்பாகத்தைக் கழற்றி எடுத்துச் சென்று, பழைய இரும்புக் கடையில் விற்றுவிட்டனர். உள்ளே சீசியம்–137 கலந்த உப்புத்தூள், நூறு கிராமுக்கும் குறைவாக இருந்தது. இருட்டில் அது நீலமாக ஒளிவிட்டது. கடைக்காரர் அதைக் கண்டு அதிசயப்பட்டார். உற்றார் உறவினரைக் கூப்பிட்டுக் காட்டினார்; ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தார். சிலர் அழகுக்காக உடலில் பூசிக்கொண்டனர். நான்கு பேர் மாண்டனர். அவர்களில் ஒருத்தி ஆறு வயதுச் சிறுமி. உடலிலோ உடையிலோ கதிரியக்கப் பொருள் ஒட்டியவர்கள் 249 பேர்.

இந்தத் தூள் நல்லதா, கெட்டதா? கருவிக்குள் இருந்தவரை அது நோயாளிகளுக்குச் சிகிச்சை தந்தது. கடைக்குப் போனபோது உயிரைப் பறித்தது. தூள் மாறவில்லை, அதன் ஒளியும் மாறவில்லை. அதைக் காக்க வேண்டியவர்கள் காக்கவில்லை. அதைத் தொட்டவர்களுக்கு அது இன்னதென்று சொல்ல யாரும் இல்லை. நீலம் நல்லது என்று நம்பும் பிள்ளைகளை வளர்க்கலாகாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

உத்தரவிட்டது யார்?

இப்போது படத்துக்குத் திரும்புவோம். சிவப்பு உருண்டை தானாக நடந்துபோய்ப் போர் இயந்திரத்தின் நெஞ்சில் ஏறி உட்காரவில்லை. தேர்தலில் மீண்டும் வெல்ல வேண்டும், அதற்கு ஒரு போர் வேண்டும் என்று எண்ணிய தலைவர், விஞ்ஞானிகள் தடுத்தும் கேளாமல், அதை ஏற்றச் சொன்னார். அந்தப் போர் இயந்திரத்துக்குப் படத்தில் வைத்த பெயர் 'அமைதி காப்போன்'! உண்மையில் கதையிலேயே விடை இருக்கிறது. தவறு தலைவருடையது. ஆனால் சிவப்பு நிறம் திரை முழுவதும் பரவும்போது பார்க்கும் பிள்ளை என்ன நினைக்கும்? சிவப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று நினைக்கும். நீல உருண்டையை ஏற்றியிருந்தால் போர் இயந்திரம் புறாவாக மாறியிருக்கும் என்றும் நினைக்கும். தலைவர் பாதித் தண்டனையோடு தப்பிவிடுகிறார்.

படத்தில் பாராட்ட வேண்டியவையும் உண்டு என்பதை மறைக்க மாட்டேன். பழுதான இயந்திர மனிதர்களை மேலிருந்து பூமியின் மேல் குப்பையாகக் கொட்டுவதைக் காட்டுகிறார்களே, அது நம் காலத்துக்குப் பொருத்தமான காட்சி. பழைய கைப்பேசியையும் மின்கலத்தையும் நாம் எங்கே எறிகிறோம் என்று யோசிக்க வைக்கிறது. தன் மகனைப் போலவே செய்தும், 'இவன் மகன் அல்லவே' என்று தந்தை விலக்கும் இடம் மூலக்கதையின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. இவ்வளவு நன்றாகச் சொல்லத் தெரிந்தவர்கள் ஆற்றலைப் பற்றி மட்டும் ஏன் சாயம் பூசிச் சொல்ல வேண்டும் என்பதே என் ஆதங்கம்.

'ஐயா, இது குழந்தைகள் படம். நீலமும் சிவப்பும் உவமைகள். இதற்குப் போய் இத்தனை பேச்சா?' என்று சிலர் கேட்கக்கூடும். உவமை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கதையில் உவமை வேண்டும். ஆனால் உவமை உண்மையின் பக்கம் கைகாட்ட வேண்டும். எதிர்ப்பக்கம் காட்டக் கூடாது. தெசூகாவின் கதையும் குழந்தைகளுக்கானதுதான். அணுகுண்டு விழுந்து ஏழே ஆண்டுகள் ஆன நாட்டுக் குழந்தைகளிடம் 'இவன் உடலில் இருப்பது அணு' என்று அவர் சொன்னார். குழந்தைகள் பயந்து ஓடவில்லை. அந்த அணுவை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்யப் போகிறான் என்று ஆவலோடு படித்தார்கள். குழந்தைகளால் உண்மையைத் தாங்க முடியாது என்று பெரியவர்கள்தாம் நினைத்துக்கொள்கிறார்கள்.

மேலும், நிறங்களால் ஏமாறுவது குழந்தைகள் மட்டுமல்லர். இன்று எரிபொருள் உலகில் பச்சை ஹைட்ரஜன், நீல ஹைட்ரஜன், சாம்பல் ஹைட்ரஜன் என்று பேசுகிறார்கள். ஹைட்ரஜன் நிறமற்ற வாயு, எல்லாம் ஒன்றே. அதை எவ்வழியில் தயாரித்தார்கள் என்பதையே அந்த நிறப்பெயர்கள் குறிக்கின்றன. சூரிய ஒளி, காற்று போன்றவற்றின் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எடுத்தால் பச்சை. இயற்கை எரிவாயுவிலிருந்து எடுத்தால் சாம்பல்; அப்போது வெளிவரும் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துப் புதைத்தால் நீலம். பொருள் தெரிந்தவனுக்கு இப்பெயர்கள் உதவும். தெரியாதவனுக்கு 'நீலம்' என்றாலே தூய்மை என்று தோன்றும். எவ்வளவு வாயுவைப் பிடித்தார்கள், எவ்வளவு நழுவிற்று என்று கேட்கத் தோன்றாது. நாளை நீங்கள் வாக்களிக்கப் போகிறவர்கள். உங்கள் ஊரில் ஓர் ஆலை வேண்டுமா, வேண்டாமா என்று பேசும் கூட்டத்தில் உட்காரப் போகிறவர்கள். அப்போது எவரேனும் ஒரு நிறத்தைக் காட்டி 'இது நல்லது' என்றோ 'இது தீயது' என்றோ சொல்லி உங்களை எழுப்பிவிட முடியுமானால், நீங்கள் படித்த இயற்பியலால் என்ன பயன்?

ஆகவே, படத்தைப் பாருங்கள், நன்றாக ரசியுங்கள். சிறுவன் முதன்முதலாகப் பறக்கும்போது கைதட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் மூன்று கேள்விகளை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஆற்றல் எவ்வளவு? இது எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது? இதன் விசை யார் கையில் இருக்கிறது? முதல் இரண்டுக்கும் விடை காண உங்கள் பாடநூல் போதும். மூன்றாவது கேள்வியை எந்தப் பாடநூலும் உங்களுக்காகக் கேட்டுத் தராது. நீங்களேதான் கேட்க வேண்டும். படங்களைப் பார்க்கும்போதே கேட்டுப் பழகிவிட்டால், பெரியவர்களான பின் கூட்டத்தில் எழுந்து கேட்கத் தயக்கம் இராது.